நாய்க்குச் சப்பாத்து எதுக்கு?

2024 டிசம்பர் 3, அக்கரைப்பற்றான்

ஜனவரியில் சுவிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். பனிக்காலத்தில் அவர்கள் மலையில் நடக்கப் போவார்களாம், நாயையும் கூட்டிக்கொண்டு. மனுசருக்குப் பனிச்சப்பாத்து, சரி. மச்சான் நாய்க்கும் நாலு சப்பாத்து வாங்கி வைத்திருக்கிறார். சிவப்பு நிறம், போட்டோ அனுப்பினார். விலையைக் கேட்டு நெஞ்சடைத்துவிட்டது. எங்கட ஊர் நாய் சேற்றிலும் முள்ளிலும் கல்லிலும் வெறுங்காலோடுதான் ஓடுகிறது. நாய்க்குச் சப்பாத்து என்பது வெள்ளைக்காரர் பழக்கிவிட்ட செல்லம், வேறொன்றுமில்லை. இல்லை என்பவர்கள் சொல்லுங்க.

2024 டிசம்பர் 3, படுவான்கரை

இல்லை என்கிறேன். சுவிஸில் பேர்ன் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் 19 வருசம் நின்றவன் நான். 2015இல் ஊருக்கு வந்துவிட்டேன். முதலாளியின் நாய் பெல்லா, பேர்ன் மலைநாய் இனம், கறுப்பு உடம்பு, வெள்ளை நெஞ்சு, 40 கிலோவுக்கு மேல். திங்கட்கிழமை கடை பூட்டு. முதலாளிக்கு முழங்கால் நோவு, அதனால் அவளை நடத்துவது என் பொறுப்பாகிவிட்டது. சம்பளமில்லாத வேலை, ஆனால் அங்கே நான் ஆசைப்பட்டுச் செய்த வேலை அது ஒன்றுதான்.

தம்பி, பனி என்றதும் மார்கழி விடியலில் வயல் வட்டைக்கு மேலே நிற்குமே, அதை நினைத்துக்கொண்டு போகாதீங்க. இது இடுப்பளவு. சாதாரணச் சப்பாத்தோடு இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் தொடை வரை புதையும். அதற்குத்தான் பனிச்சப்பாத்து: அகலமான பிளாஸ்டிக் தட்டு, அடியில் இரும்புப் பல், முன்பாதம் மட்டும் கட்டப்பட்டிருக்கும், குதி மேலெழும்பும். ஏற்றம் வந்தால் குதிக்குக் கீழே ஒரு கம்பியை நிமிர்த்திவிடலாம், படியில் ஏறுவது போல இருக்கும். பாரம் பரவுவதால் புதைவது குறையும். நாய்க்கு அப்படி ஒன்றும் கிடையாது. வெறும் பாதம் அந்தக் குளிரில் விறைத்துப் புண்ணாகிவிடும். அதுக்குத்தான் சப்பாத்து.

2024 டிசம்பர் 4, படுவான்கரை

நேற்று எழுதியதில் கடைசி இரண்டு வரி பிழை. களுவாஞ்சிக்குடி டீச்சர் நல்லாப் பிடித்துவிட்டார். நாயின் பாதத்துக்குள் சூடான இரத்தம் கொண்டுவரும் குழாயும் குளிர்ந்த இரத்தம் திரும்பும் குழாயும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றனவாம். போகும் இரத்தத்தின் சூடு வரும் இரத்தத்துக்கு மாறிவிடும். பாதம் சில்லிட்டாலும் உறையாது, உடம்பும் குளிராது. ஜப்பானில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்றார். அப்போ குளிருக்காகச் சப்பாத்து என்பது, பெல்லா மாதிரி நாயைப் பொறுத்தவரை, பெரும்பாலும் வீண். தம்பி பாதி வென்றுவிட்டார்.

மீதிப் பாதியை விடமாட்டேன். ஆபத்து குளிரில் இல்லை, ஒட்டுவதில் இருக்கிறது. மைனஸ் 10இல் பனி வறுத்த மாவு மாதிரி உதிர்ந்து போகும். 0க்குப் பக்கத்தில் வந்தால் பிட்டுக்குக் குழைத்த மாவாகிவிடும். விரல்களுக்கு நடுவே இருக்கும் மயிரில் ஒட்டும், மிதிக்க மிதிக்க இறுகும், கடைசியில் கோலிக்குண்டு அளவு பனிக்கட்டி. விரலை விரித்துக்கொண்டு நடக்கவேண்டி வரும். உங்கட செருப்புக்குள் நாலு கல்லைப் போட்டு மலை ஏறிப் பாருங்க.

ரோட்டில் இன்னொன்று. பனி உருக உப்புப் போடுவார்கள். வெடித்த பாதத்தில் உப்புப் பட்டால் எரியும், நாய் நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நாலு காலையும் கழுவவேணும்.

2024 டிசம்பர் 4, இரவு

சப்பாத்து இல்லாவிட்டால் என்ன செய்யலாம் என்று கேட்டவருக்கு: விரலிடை மயிரைப் பாத மட்டத்துக்கு வெட்டிவிட்டு, கொழுப்புப் பூசவேணும். அங்கே பால் கறப்பவர்கள் மாட்டின் மடிக்குப் பூசும் கொழுப்பு ஒன்று டப்பாவில் விற்கும், பலரும் அதைத்தான் நாய்க்குப் பூசுவார்கள். நான் முதல் வருசம் அம்மா அனுப்பிய தேங்காயெண்ணெயைக் கொண்டுபோனேன். எங்கட நாட்டில் எண்ணெய். 24 பாகைக்குக் கீழே அது கட்டி. மலையில் போத்தலைக் கவிழ்த்துத் தட்டினேன், மெழுகுதிரி மாதிரி உள்ளேயே நின்றது. முதலாளி இதைச் சொல்லி மூன்று வருசம் சிரித்தார்.

2024 டிசம்பர் 7, படுவான்கரை

சரி, பெல்லாவின் காலில் பனி ஒட்டிய நாளைப் பற்றிக் கேட்டபடியால் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

பேர்னுக்குத் தெற்கே குர்னிகல் என்றொரு கணவாய், 1600 மீற்றர் அளவு. டிசம்பர் நடு. முதல் நாள் இரவு நல்ல பனி, அன்று வெயில். அங்கே கோடை நடைபாதைக்கு மஞ்சள் பலகை, பனிக்கால வழிக்கு இளஞ்சிவப்புப் பலகை. இளஞ்சிவப்பைப் பிடித்து ஏறினோம். போகும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வெயில் ஏறப் பனி இளகியது. மேட்டில் பெல்லா திடீரென்று படுத்துவிட்டாள். கூப்பிட்டேன், எழும்பவில்லை. காலைத் தூக்கிப் பார்த்தால் பாதமே தெரியவில்லை, வெள்ளை உருண்டைகள். வயிற்று மயிரிலும் திராட்சைக் குலை மாதிரித் தொங்கியது.

மணி மூன்று. டிசம்பரில் அங்கே ஐந்துக்கு முன்னமே இருட்டு. 40 கிலோ நாயைத் தோளில் போட்டு அந்தப் பனியில் இறங்க என்னால் ஏலாது. கையுறையைக் கழற்றி ஒவ்வொரு உருண்டையாக உள்ளங்கையில் பொத்தி உருக்கினேன். இழுத்தால் மயிரோடு தோலும் வரும், அதனால் உருக்கத்தான் வேணும். ஒரு காலுக்குப் பத்து நிமிசம். மூன்றாவது காலுக்கு வந்தபோது என் விரல் எனக்குச் சொந்தமாகத் தெரியவில்லை. நாலாவது காலில் மிச்சத்தை வாயால் ஊதி உருக்கினேன், நாய்க்கால் வாசம் மூக்குக்குள் இன்றும் இருக்கிறது. பையில் மாற்றுக் கம்பளிக் காலுறை ஒரு சோடி இருந்தது. பின்னங்கால் இரண்டுக்கும் மாட்டி, அளவாக நூலால் கட்டினேன். முன்னங்காலுக்குத் தலையில் கட்டியிருந்த துணியைக் கிழித்தேன். அந்தக் கோலத்தில் இறங்கி வந்தோம்.

முதலாளி எதுவும் பேசவில்லை. முதலில் நாயின் காலைப் பார்த்தார், பிறகு என் விரலைப் பார்த்தார். அடுத்த திங்கள் பையில் நாலு நாய்ச் சப்பாத்து இருந்தது.

2024 டிசம்பர் 8, படுவான்கரை

சின்ன விசயம், மறந்துவிடுவேன். நாய் முன்னே ஓடி வழி விடுவது படத்தில் மட்டும். ஆழப் பனியில் அது நடக்காது, நீந்தும். அரை மணியில் களைத்துவிடும். நீங்கள் முன்னே மிதித்த தடத்தில் பின்னே வரப் பழக்கவேணும். பழக்கினால் வேறு தொல்லை. பனிச்சப்பாத்தின் வால் உங்களுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நாய் ஏறி நிற்கும். நீங்கள் அடுத்த அடி வைப்பீர்கள். முகம் நேரே பனிக்குள். எனக்கு ஒரே நாளில் ஏழு தரம்.

பனியைத் தின்ன விடக்கூடாது, வயிறு கலங்கும். அதுக்கென்று வெந்நீர்ப் போத்தலில் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்க.

2024 டிசம்பர் 12, படுவான்கரை

தம்பி, உங்கட மச்சானிடம் இதை மட்டும் கேளுங்க: போகுமுன் பனிச்சரிவு அறிக்கை பார்க்கிறாரா? டாவோஸில் உள்ள நிறுவனம் வெளியிடுகிறது, பனிக்காலத்தில் மாலை 5 மணிக்கு, மறுநாள் காலை 8க்குத் திருத்தம். 1 முதல் 5 வரை ஐந்து படி. ஆட்கள் அதிகம் சாகிறது 5இல் இல்லை, 3இல். 5 என்றால் ஒருவரும் போகமாட்டார்கள், 3 என்றால் 'பரவாயில்லை' என்று போவார்கள். 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவு எதுவும் வழுக்கி வரலாம். நாய் மேலே ஓடி அந்தச் சரிவைக் குறுக்கே வெட்டினால் கீழே நிற்பது நீங்கள். கயிறு கையில் இருக்கட்டும்.

கயிற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காட்டு ஆடும் காட்டுக்கோழியும் பனிக்காலத்தில் இரையில்லாமல் உடம்பிலுள்ள கொழுப்பை எண்ணிச் செலவழிக்கும். நாய் ஒரு தரம் துரத்தினால் அது பல நாள் சேமிப்பு. அதுக்கென்று ஒதுக்கிய பகுதிகளில் பலகை போட்டிருக்கும், அதை மதிக்கவேணும்.

நாய்க்கும் பனிச்சரிவுத் தேடுகருவி கட்டலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பனிக்குள் புதைந்தவர் எங்கே என்று சைகை அனுப்பும், 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் அந்தக் கருவியை நாய்க்குக் கட்டவே கூடாது. தோண்டுபவருக்கு அடியில் நாயா ஆளா என்று தெரியாது. முதல் கால் மணியில் எடுத்தால்தான் பெரும்பாலும் உயிர். அந்த நிமிசங்கள் ஆளுக்கு உரியவை. பெல்லாவை எவ்வளவு பிடித்திருந்தாலும் இதில் எனக்கு மறுபேச்சில்லை.

2024 டிசம்பர் 13, படுவான்கரை

இல்லை டீச்சர், கழுத்தில் சாராயப் பீப்பாவோடு நாய் ஆளை மீட்பது கதை. அந்தக் கதைக்குக் காரணமான பாரி என்ற நாயைப் பாடம் செய்து பேர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், நான் பார்த்தேன். 1800இல் பிறந்து 1814இல் செத்தது. 2469 மீற்றர் உயரக் கணவாய் மடத்தில் துறவிகளோடு இருந்தது. 40 பேருக்கு மேல் காப்பாற்றியது என்பார்கள். பீப்பா பிறகு ஆட்கள் மாட்டிவிட்டது. குளிரில் விறைத்தவனுக்குச் சாராயம் கொடுத்தால் இருக்கிற சூடும் போய்விடும்.

அங்கே ரயிலில் நாய்க்கு டிக்கெட் எடுக்கவேணும் என்றால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை. சின்ன நாயைப் பைக்குள் வைத்தால் சும்மா, பெல்லா அளவென்றால் அரை டிக்கெட். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் பாதைப் படகு ஓடிய காலத்தில் எங்கட நாய் ஆடு மாட்டோடு ஏறி இறங்கும், காசு கேட்டவர் கிடையாது. 2014இல் பாலம் வந்தது, இப்போ நாய் தன்பாட்டில் நடந்து வருகிறது.

2024 டிசம்பர் 21, படுவான்கரை

7ஆம் தேதி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். 'திடீரென்று படுத்துவிட்டாள்' என்று எழுதியிருக்கிறேன். திடீரென்று இல்லை. அதற்கு முன் நாலு தரம் நின்றாள். நின்று முன்னங்காலைத் தூக்கி விரலிடையைக் கடித்தாள். எனக்குத் தெரிந்தது. மேட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பவேணும் என்று இருந்தேன், பனிக்குள்ளே மகன், பின்னால் மலை. அடம் பிடிக்கிறாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டு கயிற்றை இழுத்தேன். ஐந்தாம் தரம் படுத்தாள்.

போட்டோ எடுக்கவில்லை. இதை முதலாளியிடமும் சொல்லவில்லை. நூல் கட்டிய கதையைச் சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன்.

2025 ஜனவரி 16, படுவான்கரை

பொங்கலுக்கு மறுநாள் மழை விட்டிருந்தது. கொக்கட்டிச்சோலையிலிருந்து முருகன் கோயில் இருக்கும் தாந்தாமலைப் பக்கம் போனோம், நானும் மணியும். மணி ஊர் நாய்தான், 14 கிலோ, ஒரு காது மடிந்தது. பெருவீதியில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு வரம்பால் நடந்தோம். மாரியில் அந்த வழி எப்படி இருக்கும் என்று வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையாருக்குச் சொல்லத் தேவையில்லை, கிழக்கே இருக்கும் எழுவான்கரையாருக்குச் சொல்கிறேன்: பாதை எது வாய்க்கால் எது என்று தெரியாது. பனியும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் மூடிவிடும்.

அரை மைல் போயிருப்போம். மணி நின்று முன்னங்காலைத் தூக்கி விரலிடையைக் கடித்தான்.

நான் அந்த இடத்திலேயே, ஈர வரம்பில், சாரத்தோடு குந்திவிட்டேன். காலைப் பிடித்துப் பார்த்தால் களிமண். விரல்களுக்கு நடுவே உருண்டு, வெயிலில் காய்ந்து, கல்லாக இருந்தது. நாலு விரலையும் அதே மாதிரி விரித்து வைத்திருந்தான். வாய்க்கால் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்தேன். நடுவே ஒரு நெருஞ்சி முள்ளும் வந்தது. பத்து வருசமாக நாய் வளர்க்கிறேன், ஊர் நாயின் பாதத்தை நான் விரித்துப் பார்த்தது அன்றுதான் முதல் தரம். தம்பி, 'எங்கட நாய்க்கு எதுவும் தேவையில்லை' என்றீங்க. நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அது முறையிடுவதில்லை, நாம் பார்ப்பதில்லை.

அப்புறம் மலையடிக்குக் கொஞ்சம் முன்னே இன்னொரு தரம் நின்றான். இந்த முறை கால் இல்லை. பிடரி மயிர் சிலிர்த்து, குரைக்காமல், மூக்கை மட்டும் மேலே தூக்கினான். இருபது அடி தள்ளி யானை லத்தி, இன்னும் ஆவி பறந்தது. திரும்பிவிட்டோம். முருகன் அடுத்த முறை பார்ப்பார்.

2025 ஜனவரி 17, படுவான்கரை

நாய் கூட இருந்தால் நாம் யானைக்குப் பயப்படத் தேவையில்லை என்று எழுதியவர் தயவு செய்து அதை அழிக்கவும். அவிழ்த்துவிட்ட நாய் யானையிடம் ஓடிக் குரைக்கும். யானை துரத்தும். நாய் எங்கே ஓடிவரும்? உங்களிடம். இங்கேயும் கயிறு கையில்தான். கல் ஓயா தேசியப் பூங்கா மாதிரி இடத்துக்குள் நாயைக் கொண்டுபோகவே முடியாது, இங்கினியாகலைக்குப் போகிறவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போங்க. கோயில் மலையில் நாயைக் கீழே யாரிடமாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறுவதுதான் மரியாதை.

வெள்ளம் ரோட்டைக் கடந்து ஓடினால் நாயோ ஆளோ இறங்கவேண்டாம். மாவடிப்பள்ளியில் நவம்பரில் உழவு இயந்திரத்தில் வந்த மதரசாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோனதற்கு இரண்டு மாசமும் ஆகவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாயைக் கழுவுங்க, உண்ணி பாருங்க. மாரி வட்டைத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் ஆளுக்கும் வரும், நாய்க்கும் வரும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மிருக வைத்தியரிடம் கேளுங்க.

2025 ஜனவரி 17, இரவு

டீச்சர் கேட்டது சரியான கேள்வி: அப்போ இங்கே எந்தக் காலத்தில் சப்பாத்து? மாரியில் இல்லை, களி சப்பாத்துக்குள்ளும் போகும். கோடையில்தான். ஆடித் திருவிழா நேரம், கச்சான் காற்று அடிக்கும்போது, தாந்தாமலைப் பாறையில் நண்பகலில் புறங்கையை வைத்துப் பாருங்க. ஏழு விநாடி வைக்க ஏலாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது, கொப்பளிக்கும். பனி நாட்டுச் சாமான் உண்மையில் வேலை செய்வது எங்கட பாறையில் என்றால் பகிடிதான். ஆனால் அதை விடச் சுகமான வழி, விடிய ஐந்து மணிக்கு ஏறிவிட்டு எட்டுக்குள் இறங்குவது.

2025 ஜனவரி 29, படுவான்கரை

தம்பி திரும்பி வந்து எனக்குத் தனியாக எழுதியிருந்தார், அனுமதியோடு சுருக்கமாகப் போடுகிறேன். மச்சானின் நாய் முதல் கால் மணியில் இரண்டு சப்பாத்தை உதறிவிட்டது. இறுக்கிக் கட்டினால் கால் மரத்துவிடும், தளரக் கட்டினால் கழன்றுவிடும், நான் இதை முன்னமே எழுதியிருக்கவேணும். மச்சான் முழங்காலில் ஊர்ந்து பனியைக் கிளறித் தேட, அக்கா சிரித்துச் சிரித்துப் பனியில் விழ, நாய் தம்பியின் சப்பாத்து வாலில் ஏறி நிற்க, அவரும் விழுந்தார். நாய் காலைத் தூக்கிக் கடித்தபோது முதலில் குந்தியது தான்தான் என்று எழுதியிருக்கிறார். அறிக்கையில் அன்று 2ஆம் படி. மச்சான் பார்த்திருந்தாராம். நல்ல ஆள்.

சப்பாத்து செல்லம் என்ற கட்சியை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. மயிரை வெட்டிக் கொழுப்புப் பூசினால் போதும் என்கிறார். இப்போ நானும் ஏறத்தாழ அங்கேதான் நிற்கிறேன். ஆனால் பனி மேலே உறைந்து ஓடாகி விளிம்பு கண்ணாடி மாதிரி வெட்டும் நாட்கள் உண்டு, அன்றைக்குச் சப்பாத்துத்தான்.

2025 பெப்ரவரி 9, படுவான்கரை

மச்சான் வெறுத்துப்போய் அந்தச் சிவப்புச் சப்பாத்தைத் தம்பியிடமே கொடுத்துவிட்டிருக்கிறார். நேற்று அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்தது, மணிக்காம். மாட்டிவிட்டேன். முதலில் சிலை மாதிரி நின்றான். பிறகு ஒவ்வொரு காலையும் நெஞ்சு வரை தூக்கித் தூக்கி வைத்து, சேற்றில் இறங்கிய கொக்கு மாதிரி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். அவனுக்கு வெட்கமோ கோபமோ, படலையால் பாய்ந்து வட்டைக்குள் ஓடிவிட்டான்.

பின்னேரம் மூன்று சப்பாத்தோடு வந்தான். முன்னங்கால் வலது ஒன்றைக் காணோம். மாவடிமுன்மாரிப் பக்கம் அறுவடைக்குப் போகிறவர்கள் யாராவது கண்டால் வரம்பில் ஒரு கம்பு நட்டு அதில் கொழுவிவிடுங்க, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.